புதுக் காரின் முதல் ஆறாயிரம்: பெற்றோல் நாட்குறிப்பு

12.06.2025, கிளிநொச்சி. மீற்றர் (ஓடிய கிலோமீற்றர்): 38
ஆயிரம் சீசீ, மூன்று சிலிண்டர், மனுவல் கியர். "ரன்னிங் இன் முடியட்டும், பிறகு பாருங்கோ, பெற்றோல் குடிக்காது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரன்னிங் இன் என்பது புது என்ஜின் ஓடிப் படியும் காலம். எவ்வளவு குறைகிறது, எதனால் குறைகிறது என்று அளந்து பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

முதல் வேலை ரயர். காலையில் ஓட முதல் பார்த்தால் நான்கிலும் 44 பீ.எஸ்.ஐ. சாரதிக் கதவடியில் ஒட்டியிருக்கும் தாளில் 33. கப்பலில் அனுப்பும்போது காற்றைக் கூட்டி அடைப்பார்கள். வாகனத்தைக் கையளிக்கும்போது இறக்க மறந்துவிடுவதுண்டு. இப்படியே ஓடினால் முதல் அளவு பொய்யாக நன்றாக வரும். பிறகு சரியான காற்றுக்கு இறக்கியதும் மைலேஜ் விழுந்துவிட்டதென்று வீண் கவலை. 33க்கு இறக்கியாயிற்று.

பெற்றோல் அடிக்கும் முறை: நொசில் முதற்தரம் தானாக வெட்டியதும் நிறுத்த வேண்டும். காசு முழுசாக வரட்டும் என்று மேலே மேலே விட்டால் கணக்குக் கெட்டது. எப்போதும் அதே பெற்றோல் நிலையம், அதே பம்ப், அதே இடத்தில் வாகனம். 20 லீற்றரில் அரை லீற்றர் பிசகினால் 2.5 வீதம். நாங்கள் தேடும் மாற்றமே சில வீதம்தான். அதனால் ஒருதரம் அடித்ததை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. மூன்று தரத்துக் கிலோமீற்றரையும் கூட்டி, மூன்று தரத்து லீற்றரால் பிரிக்க வேண்டும்.

15.06.2025
மாங்குளத்தில் இருந்து வடக்கே ஏ9 வீதியின் கிலோமீற்றர் கட்டைகளோடு மீற்றரை ஒப்பிட்டது. கட்டைக் கணக்கு 20, மீற்றர் 20.3. ஒன்றரை வீதம் கூட்டிக் காட்டுகிறது. ஒரே வாகனத்தின் அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட இது இடைஞ்சல் இல்லை. அயலவரின் காரோடு ஒப்பிட்டால்தான் பிழைக்கும்.

21.06.2025. மீற்றர்: 402
364 கிலோமீற்றர், 21.4 லீற்றர். லீற்றருக்கு 17.0 கிலோமீற்றர்.
சிலிண்டர்ச் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்களைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே போடுகிறார்கள். ஒயில் தங்குவது அதில்தான். பிஸ்ரன் றிங் அந்தக் கீறல்களின் முனைகளைத் தேய்த்துப் படிந்தால் உராய்வு குறையும், காஸ் கீழே கசிவதும் குறையும். றிங்கைச் சுவரோடு அழுத்துவது எரிகாஸின் அமுக்கம். ஆகவே பூப்போல ஓடினாலும் சரியாகப் படியாது. அரட்டியும் ஓடக்கூடாது. 50க்கும் 70க்கும் இடையில் வேகத்தை மாற்றி மாற்றி, ஏறும்போது நடுத்தரமாக மிதித்து, இடையிடையே காலை எடுத்து ஓடுவதே நல்லது. ஏ9 நேர்வீதி, ஒரே வேகத்தில் கால் உறைந்துவிடும். அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லோரும் நிற்பது புது என்ஜினுக்கும் நல்லது. ஆனால் கச்சான் வாங்கும் பத்து நிமிடமும் ஏ.சியோடு என்ஜினை ஓடவிட்டால் ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் போகும்.

30.06.2025. மீற்றர்: 795
393 கிலோமீற்றர், 22.6 லீற்றர், 17.4. ஒயில் குச்சி: மட்டமான நிலம், நிறுத்தி ஐந்து நிமிடம். ஒரு நூல் இறங்கியிருக்கிறது. றிங் படியும்வரை இது வழமை. பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

08.07.2025. மீற்றர்: 1,012
முதல் சேர்விஸ். ஒயிலும் பில்ரரும் மாற்றியது.

14.07.2025. மீற்றர்: 1,210
415 கிலோமீற்றர், 24.9 லீற்றர், 16.7. கூட வேண்டிய இடத்தில் குறைந்திருக்கிறது.

பில்லைப் பார்த்தால் ஊற்றிய ஒயிலின் தடிப்பு எண் 10டபிள்யூ-30. காரோடு வந்த மனுவல் புத்தகத்தில் இருப்பது அதைவிட மெல்லிய 0டபிள்யூ-20. தடித்த ஒயிலால் ஒன்று இரண்டு வீதம் போகும். ரன்னிங் இன்னில் கிடைக்கும் ஆதாயத்தில் பாதி அங்கேயே தொலைந்துவிடும். சேர்விஸுக்கு விடும்போது ஒயில் கானைத் திறக்க முதல் அதன் முகப்பைப் பார்க்க வேண்டும்.

மிச்சக் குறைவு சோளகத்தால், அதாவது தென்மேற்குக் காற்றால். இந்தத் தடவை பெரும்பாலும் பரந்தன்–புதுக்குடியிருப்பு–முல்லைத்தீவு ஓட்டம். போகும்போது காற்று முதுகில், வரும்போது நெஞ்சில். இரண்டும் சரிக்குச் சரி என்று நினைக்கக்கூடாது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், எதிர்க்காற்றில் இழப்பது பின்காற்றில் கிடைப்பதைவிட அதிகம்.

17.07.2025
ஒயிலை இறக்கி 0டபிள்யூ-20, பில்ரரோடு 2.7 லீற்றர்.

09.08.2025
பின் இடது சில்லில் சந்தேகம். பத்துக் கிலோமீற்றர் ஓடி, பிறேக் பிடிக்காமல் தானாக நிற்கவிட்டு, நான்கு றிம்மிலும் கை வைத்துப் பார்த்தது. அது மட்டும் சூடு. ஹான்ட் பிறேக் கேபிள் இறுக்கம், தளர்த்தியதும் சரி. புது வாகனத்தில் பிறேக் உரசினாலும் என்ஜின் இன்னும் படியவில்லை என்றுதான் சொல்லப்படும்.

30.08.2025. மீற்றர்: 3,940
கடைசி மூன்று தரம்: 1,221 கிலோமீற்றர், 69.0 லீற்றர், 17.7. மனுவல் புத்தகங்கள் பொதுவாகச் சொல்லும் 1,000 கிலோமீற்றர், என்ஜினைக் காப்பதற்கான எல்லை. மைலேஜ் தேறுவதற்கான எல்லை அல்ல. மைலேஜ் தேற அமெரிக்காவில் சொல்வது 3,000 முதல் 5,000 மைல். எரிபொருள் செலவை அளக்கும் ஐரோப்பிய டபிள்யூ.எல்.ரீ.பீ சோதனைக்கு வரும் காரும் குறைந்தது 3,000 கிலோமீற்றர் ஓடியிருக்க வேண்டும். கம்பெனி விளம்பரத்தில் போடும் எண் ஓடிப் படிந்த காருடையது என்பதை முதல் மாதத்தில் மறந்துவிடக்கூடாது.

27.09.2025. மீற்றர்: 5,630
மூன்று தரம்: 1,236 கிலோமீற்றர், 68.8 லீற்றர், 18.0. தடித்த ஒயிலோடு ஓடியதைத் தள்ளினால் ஆரம்ப அளவு 757 கிலோமீற்றருக்கு 44.0 லீற்றர், அதாவது 17.2. கூடியது நாலரை வீதம்.

எல்லாம் என்ஜினால் வந்ததில்லை. ரயர்த் தட்டு ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தாலே சில்லின் சுற்றளவு சிறுத்து, மீற்றர் ஏறத்தாழ 0.3 வீதம் கூட்டிக் காட்டும். தேய்ந்த ரயர் உருளவும் இலகு. ஓட்டும் காலும் இந்தக் காருக்குப் பழகிவிட்டது. என்ஜினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் சேர்த்து மூன்று வீதம் எழுதலாம். அதற்கு மேல் எழுத மனம் ஒப்பவில்லை.

அடுத்த மாதம் மாரி தொடங்கும். ஈர வீதியில் ரயர் தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஓட வேண்டும், காற்றும் வாடைக்குத் திரும்பும். அந்த அளவுகளுக்குத் தனிப்பக்கம். இவற்றோடு ஒப்பிட அடுத்த சோளகம் வரவேண்டும்.