நாற்பது மின்னஞ்சலுக்குப் பிறகு கிடைத்த பிஎச்.டி. இடம்

வெளிநாட்டில் பிஎச்.டி. இடம் தேடிய முதல் மூன்று மாதம் நான் செய்தது ஒரே வேலை, மின்னஞ்சல் அனுப்புவது. தலைப்பு கொஞ்சம் ஒத்துப்போனால் போதும், பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை நாற்பது பேராசிரியர்களுக்குத் தட்டிவிட்டேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள். நான்கு பேர், ஆர்வத்துக்கு நன்றி, இப்போது நிதி இல்லை என்றார்கள். ஐந்தாமவர், இது என் பெயர் இல்லையே என்று கேட்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. பேராசிரியருக்கு நம்மைப் பிடித்தால் மட்டும் போதாது, அவர் கையில் ஏதாவது ஒரு திட்டத்தின் பணம் இருக்க வேண்டும். பணம் வந்தால் பெரும்பாலும் விளம்பரம் வரும். சரி, விளம்பரத்தையே தேடுவோம் என்று யுராக்செஸ், ஃபைண்ட்எபிஎச்டி, நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர் என்ற மூன்று விளம்பரத் தளங்களிலும் தினமும் அறிவிப்பு வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

விளம்பரத்தைப் படிப்பதே தனிக் கலை. நெதர்லாந்து, ஸ்வீடனில் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பள வேலை, வழக்கமாக 4 ஆண்டு. ஜெர்மனியில் 'ஈ13, 65 சதவீதம்' என்று இருந்தால், ஈ13 என்பது அங்கே பொதுத்துறைச் சம்பளப் படிநிலை, அந்தப் படிநிலைச் சம்பளத்தில் 65 சதவீதம்தான் வரும், ஆனால் ஆய்வகத்தில் யாரும் 65 சதவீத நேரம் மட்டும் இருப்பதாகத் தெரியவில்லை! பிரிட்டனில் சில உதவித்தொகைகள் உள்நாட்டு மாணவர் கட்டணத்தை மட்டுமே ஈடுகட்டும், வெளிநாட்டவருக்கு மீதி அவரவர் தலையில். அமெரிக்காவில் பேராசிரியருக்கு எழுதினாலும் விண்ணப்பம் துறைக்குத்தான் போகும், நிறைய இடங்களில் டிசம்பரிலேயே கடைசி நாள்.

நான் வசமாக மாட்டியது ஐரோப்பிய ஒன்றியம் ஆய்வாளர்களுக்குப் பணம் தரும் மேரி கியூரி திட்டத்தில். தலைப்பு எனக்கென்றே எழுதியது போல இருந்தது, ஒரு வாரம் உட்கார்ந்து விண்ணப்பத்தைச் செதுக்கினேன். அனுப்பும் முன் தகுதி வரிகளைப் பார்க்கிறேன்: வேலையில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், வேலை தரும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. நான் முதுகலை படித்ததே அந்த நாட்டில்தான். ஒரு வாரம் போச்சு. அதற்கப்புறம் எந்த விளம்பரத்தையும் தகுதிப் பகுதியிலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன்.

கடைசியில் எட்டு விண்ணப்பம்தான் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அந்தக் குழுவின் இரண்டு கட்டுரைகளையாவது படித்து, எனக்குப் புரியாத ஒரு இடத்தைக் கடிதத்திலேயே கேள்வியாக எழுதினேன். பரிந்துரைக் கடிதம் தருபவர்களுக்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிட்டேன், அப்படியும் ஒருவர் கடைசி நாள் இரவில்தான் ஏற்றினார், அந்த இரவு நான் தூங்கவில்லை.

இரண்டு இடத்தில் நேர்காணல் வந்தது. முதலாவது பத்தே நிமிடம், சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதில் என் முதுகலை ஆய்வேட்டின் வரைபடம் ஒன்றைத் திரையில் போட்டு, புள்ளிகளுக்குப் பிழைப்பட்டை (அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் கோடு) ஏன் இல்லை என்று கேட்டார்கள். ஏதாவது சமாளிக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு, ஒரே ஒரு தடவைதான் அளந்தேன், சோதனைக்கு வைத்திருந்த மாதிரிப்பொருள் தீர்ந்துவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். அப்படியானால் மாதிரிப்பொருள் இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன செய்வீர்கள் என்றார் பேராசிரியர். அதிலேயே இருபது நிமிடம் ஓடிவிட்டது.

முடிந்ததும் அந்தக் குழுவில் படிக்கும் ஒரு மாணவரிடம் தனியாகப் பேச முடியுமா என்று கேட்டேன், ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்பதுதான் அவரிடம் என் முதல் கேள்வி. கொஞ்சம் சிரித்துவிட்டு, நாலரை என்றார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. 4 ஆண்டு ஒப்பந்தம். மீதி அரை ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டு அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டேன், இந்தத் தடவை பெயரை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு.