கானாடுகாத்தானில் ஒரு சுவர்

எங்கள் தாத்தா வீடு தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வீடு. பத்து வருடத்துக்கு முன்னால், உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டு முழுக்க சிமெண்ட் பூசினோம். இரண்டு மழைக்காலம் போவதற்குள் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் பொரிந்து, உப்பு பூத்துவிட்டது. மறுபடி பூசினோம், மறுபடி அதே கதை. அந்தச் சுவருக்கு ஒரு வழி தேடித்தான் இந்தப் பங்குனியில் காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

பக்கத்திலிருக்கும் கானாடுகாத்தானில், நகரத்தார் என்னும் செட்டியார் குடும்பத்தின் பழைய வீடு ஒன்றில் பழுதுபார்க்கும் வேலை நடப்பதாக நண்பர் சொல்லியிருந்தார். முகப்பில் நின்றால் வளவு என்னும் உள்முற்றம், இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் வரை கண் போகிறது. பர்மா தேக்குத் தூண்கள் அப்படியே நிற்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பிரித்தெடுத்த வீடுகளின் நிலையும் கதவும் தூணும் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மனசு கனத்துப் போயிருந்தது. அதனால் இந்த வீட்டில் கொத்தனார் கரணை பிடித்து நிற்பதைப் பார்த்ததுமே பெரிய ஆறுதல்.

அவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கொல்லையில் ஒரு தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் ஊறிக் கிடந்தது. பக்கத்துப் பீப்பாயில் இடித்த கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. மணலும் சுண்ணாம்பும் கலந்த கலவையில் அந்தத் தண்ணீரை விட்டு இழைத்தால்தான் காரை நன்றாகப் பிடிக்குமாம்.

உள்ளே ஒரு சுவரில் கடைசிப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. வெண்ணெய் மாதிரி அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, தோசை மாவை விட மெல்லிசாக இழுத்தார். அது சற்று இறுகியதும் வழுவழுப்பான கூழாங்கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு முழ இடத்துக்கு அரை மணி நேரம். கல் போன வழியெல்லாம் முதலில் மங்கலாக ஒரு மினுக்கம். கொஞ்ச நேரத்தில் என் சட்டையின் நீலம் சுவரில் தெரிந்தது. பக்கத்திலேயே அந்தக் காலத்துப் பூச்சு. உள்ளங்கையை வைத்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, சுவர் ஜில்லென்று இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

"சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும் தம்பி. தரையில இருந்து ஏறுற ஈரத்த வெளிய தள்ளிரும். நீங்க மேல சிமெண்ட்ட அப்பி மூக்கப் பொத்திட்டீங்க. ஈரம் எங்க போகும்?"

சிமெண்ட் ஒரே நாளில் இறுகிவிடும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. அதற்கு மாதங்கள், சமயத்தில் வருடங்கள். இந்தக் காத்திருப்புக்குத்தான் இப்போது யாரும் கூலி கொடுக்கத் தயாரில்லை. அவரோடு வேலை செய்த இரண்டு பையன்களும் நாற்பதைத் தாண்டியவர்கள். இந்தக் கைப்பக்குவத்துக்கு நல்ல கூலி கொடுக்காமல் பழைய வீடுகளைக் காப்போம் என்று பேசுவதில் அர்த்தமே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சாயங்காலம் ஆத்தங்குடி போனேன். அந்த வீட்டின் உடைந்த தரைக்கு அங்கேதான் பூப்போட்ட தரைக்கல் சொல்லியிருந்தார்கள். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தால் பூ நிற்கிறது. பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். சூளை கிடையாது. கல்லின் பளபளப்பு அடியிலிருக்கும் கண்ணாடியிலிருந்து வருவது.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன் கொத்தனாரிடம் எங்கள் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

"இப்ப வந்து என்ன செய்ய? மொதல்ல சிமெண்ட்ட முழுசா உரிச்சு விடுங்க. உப்பத் துடைப்பத்தால கூட்டித் தள்ளுங்க. ஒரு கோடை சுவரு சும்மா காயட்டும். அப்புறம் போன் போடுங்க, வர்றேன்."

சித்திரை ஐந்தாம் தேதி உரிக்க ஆரம்பித்தோம். கூடத்தின் மேற்குச் சுவர் முடிந்துவிட்டது. உள்ளே செங்கல் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.