கழன்ற தோளும் இறுகிய முழங்கையும்

நிலாவெளி பஸ் சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்டப் போகும்போது சாரதி சடாரென்று பிரேக் பிடித்தார். நான் மேல்கம்பியை வலது கையால் பிடித்தபடி நின்றிருந்தேன். உடம்பு முன்னால் போனது, கை கம்பியோடு பின்னால் நின்றுவிட்டது. தோளுக்குள் ஏதோ வழுக்கி இறங்கியது. என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு விளங்கும் முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது தடவையாகத் தோள் கழன்றிருந்தது.

முதல் தடவை நடந்தபோது எனக்கு 17 வயது. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்தாட்டப் பயிற்சி, நான் கோல் கீப்பர். பந்தைத் தடுக்கக் கையை உயர்த்தித் துள்ளினேன். எதிரில் துள்ளிய பிள்ளையின் கை என் கையைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டது. கீழே விழுந்து எழும்பிப் பார்த்தால் தோளின் உருண்டையைக் காணவில்லை, சட்டைக்குள் ஒரு பெட்டி மூலை மாதிரி நிற்கிறது. மைதானத்தில் நின்ற அண்ணா ஒருவர் ஓடிவந்து, "இது சின்ன விஷயம் தங்கச்சி, பயப்படாதேங்கோ" என்று சொல்லி என் அக்குளில் காலை ஊன்றிக் கையை இழுத்தார். உயிர் போய் வந்தது. மூட்டு மட்டும் வரவில்லை.

அவர் உதவி செய்யத்தான் வந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அக்குளில் குதிக்காலை வைத்து இழுப்பது கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் சொல்லப்படும், இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைய முறை. ஆனால் புய எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. எலும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் இழுத்தால் வெடிப்பு முறிவாகலாம், நரம்பும் நசியலாம். ஆஸ்பத்திரியில் டொக்டர் கையைத் தொடும் முன் செய்த முதல் வேலை, ஒரு பஞ்சால் என் தோளின் வெளிப்பக்கத்தைத் தொட்டு "தெரியுதா பிள்ளை?" என்று கேட்டதுதான். அந்த நரம்பு பிழைத்திருக்கிறதா என்ற சோதனை அது. அப்புறம் எக்ஸ்ரே. அப்புறம் ஊசி போட்டுத் தசையைத் தளர்த்தி, மெல்ல மெல்லத் திருப்பி உள்ளே விட்டார். இழுபறியே இல்லை. தோள் கழன்றவரைக் கண்டால் ஒரு சால்வையால் கையை உடம்போடு சேர்த்துக் கட்டி ஓட்டோவில் ஏற்றுங்கள். இழுக்க வேண்டாம்.

எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை அதற்குப் பிறகு நடந்தது. மூன்று கிழமை கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் போட்டு வையுங்கள் என்று துண்டில் எழுதித் தந்தார்கள். உடற்பயிற்சி சிகிச்சை பற்றி ஒரு சொல்லும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. மூட்டு உள்ளே போய்விட்டது, சரி, முடிந்தது என்று நினைத்தோம். அம்மம்மா நோவெண்ணெய் காய்ச்சிப் பூசினா. நோ குறைந்தது, தசைக்குச் சுகமாகத்தான் இருந்தது. உள்ளே கிழிந்ததற்கு எண்ணெய் எட்டாது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

எட்டு மாதம் கழித்துக் கையைத் தலைக்கு மேல் போட்டு நித்திரை கொள்ளும்போது கழன்றது. அதற்குப் பிறகுதான் பஸ்.

மூன்றாவது தடவைக்குப் பின்னால் எலும்பு மூட்டு நிபுணரின் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அவர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் விரித்து, பந்தெறியப் போகிறவர் மாதிரி மெதுவாகப் பின்னால் கொண்டுபோனார். பாதி வழியில் என் இடது கை தானாகப் போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "நோகுதா, பயமா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் நோ இல்லை, பயம்தான். இன்னும் ஒரு விரற்கடை போனால் கழன்றுவிடும் என்ற பயம். அந்தப் பயமே ஒரு பரிசோதனை முடிவு என்றார். தோளின் முன்பக்கம் பிடிமானம் விட்டுப்போனதை உடம்பு அப்படித்தான் சொல்லுமாம்.

பிறகு என் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு படம் கீறினார். இல்ல விளையாட்டுப் போட்டியில் தேசிக்காய் ஓட்டம் ஓடினது ஞாபகம் இருக்கா என்று கேட்டார். கரண்டி தட்டை, தேசிக்காய் பெரிது. தோளும் அப்படித்தான். இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தோளில் கிண்ணம் கரண்டி அளவுதான். அதனால்தான் கையை எந்தப் பக்கமும் சுற்ற முடிகிறது, அதனால்தான் கழன்றும் போகிறது. கரண்டியின் ஓரத்தில் ரப்பர் வளையம் மாதிரி ஒரு குருத்தெலும்பு விளிம்பு ஓடி, கிண்ணத்தைக் கொஞ்சம் ஆழமாக்குகிறது. சவ்வும் அதில்தான் ஒட்டியிருக்கிறது. மிச்சக் காவல் முழுக்க, சுற்றியுள்ள நான்கு சின்னத் தசைகள் பந்தைக் கிண்ணத்தோடு அழுத்திப் பிடிப்பதில் இருக்கிறது. முன்பக்கமாகக் கழலும்போது அந்த விளிம்பு எலும்பிலிருந்து உரிந்துவிடும். பாங்கார்ட் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை நிபுணர் 1923இல் இதை எழுதியதால் அந்தக் காயத்துக்கு அவருடைய பெயர். பந்தின் பின்பக்கமும் கிண்ணத்தின் விளிம்பில் மோதி நசிந்து பள்ளமாகும். 1940இல் அதை விவரித்த ஹில், சாக்ஸ் என்ற இரண்டு கதிர்ப்பட மருத்துவர்களின் பெயர் அதற்கு. என் தோளில் இரண்டும் இருந்தன.

அந்த அறையில் அம்மா கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். "இவள் ராவில தொட்டிலைக் கழற்றி வைச்சிட்டுத்தான் படுத்தவள் டொக்டர். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திட்டன். அதாலதானா?" நான்கு வருடமாக அம்மா இதை மனதில் வைத்திருந்திருக்கிறா. டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சொன்னார்: சுவீடனில் ஹோவெலியஸ் என்பவரும் கூட்டாளிகளும் முதல் தடவை தோள் கழன்றவர்களை 25 வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மூன்று நான்கு கிழமை கட்டி வைத்தவர்களுக்கும், நோ குறைந்த உடனே கையைப் பாவித்தவர்களுக்கும் திரும்பக் கழலுவதில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வயதில்தான். இளம் வயதில் கழன்றால் திரும்பக் கழலும் வாய்ப்பு அதிகம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெளியில் வந்து வாங்கில் இருந்து அழுதா.

எம்.ஆர்.ஐ., சி.டி. இரண்டுக்கும் வேறு ஊருக்குப் போனோம், அலைச்சல். அதை விடுகிறேன். கிண்ணத்தின் எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் சி.டி. நிறையத் தேய்ந்திருந்தால் விளிம்பைத் திரும்பத் தைத்தாலும் நிற்காது, பக்கத்திலிருந்து ஒரு எலும்புத் துண்டை எடுத்து முன்னால் திருகாணி போட்டுப் பொருத்த வேண்டும். பிரான்சில் லதார்ஜே என்பவர் 1954இல் சொன்ன முறை அது. எதைச் செய்வது என்று தீர்மானிக்க டொக்டர் ஒரு புள்ளிக் கணக்குப் போட்டார். பால்க், பொய்லோ என்ற இருவர் 2007இல் வெளியிட்டது, மொத்தம் 10 புள்ளி. வயது 20க்குள் என்றால் 2, எனக்கு 21, தப்பினேன். போட்டி விளையாட்டு 2. கையை ஓங்கி ஆடும் விளையாட்டு 1. எக்ஸ்ரேயில் பந்தின் பள்ளம் தெரிந்ததற்கு 2. மூட்டு இயல்பாகவே தளர்வா என்பதற்கு 1, கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்திருந்தால் 2, இந்த இரண்டும் எனக்கு இல்லை. ஆகமொத்தம் 5. அவர்களுடைய கணக்கில் 6 வரை உள்ளவர்களுக்குத் துளைவழிச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு திரும்பக் கழன்றது 100இல் 10 பேருக்கு, 6க்கு மேல் போனால் 70 பேருக்கு. அந்த இரண்டு எண்களையும் அருகருகே பார்த்த பிறகு எனக்குத் தயக்கம் போய்விட்டது. டொக்டர்மாரிடம் கேள்வி கேட்டால் கோவிப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் இருக்கிறது. நான் கேட்டேன், அவர் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சத்திரசிகிச்சை தூக்கத்தில் முடிந்தது. சின்னச் சின்னத் துளைகள், உள்ளே கமரா. கிண்ணத்தின் ஓரத்து எலும்பில் நூல் கோத்த சின்ன ஆணிகளை இறக்கி, உரிந்த விளிம்பை இழுத்துக் கட்டுகிறார்கள். அந்த ஆணிக்கு மருத்துவத்தில் பெயர் நங்கூரம். அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நிக்கும்" என்றார். கடலில் நங்கூரம் போட்டுப் பழகிய மனுஷனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கழுத்தடியில் போட்ட மரப்பு ஊசியால் அன்று இரவு முழுக்கக் கை என்னுடையதாகவே இல்லை. இடது கையால் தொட்டால் வேறு யாரோ ஒருவரின் சூடான, பாரமான கையைத் தொடுகிற மாதிரி. விடியப்புறம் விரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி உணர்வு வந்தபோது, நோவும் சேர்ந்து வந்தாலும், சந்தோஷமாக இருந்தது.

இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஆறு கிழமை தொட்டில். அதற்குள் முழங்கையையும் விரல்களையும் மட்டும் ஆட்ட வேண்டும், கையை வெளிப்பக்கம் திருப்பவே கூடாது. அம்மாதான் தலை பின்னிவிட்டா. பிறகு குனிந்து நின்று கையை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, சுருட்டிய துவாயை முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் இறுக்கிக்கொண்டு ரப்பரை இழுப்பது. ரப்பர் பட்டிக்குப் பதில் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி யன்னல் கம்பியில் கட்டித் தந்தது அப்பா.

உடற்பயிற்சி சிகிச்சை தந்த அக்கா முதல் நாள் என் முதுகுப் பக்கம் வந்து நின்று, தோள்பட்டை எலும்பின் கீழ் மூலையில் பெருவிரலை வைத்துக்கொண்டு கையை உயர்த்தச் சொன்னா. கை ஏறும்போது அந்த மூலை பக்கவாட்டில் சுழன்று போக வேண்டும். கையை 180 பாகை உயர்த்தினால் சுமார் 120 பந்து மூட்டில் வருகிறது, 60 தோள்பட்டை எலும்பு சுழல்வதில் வருகிறது. இரண்டுக்கு ஒன்று என்ற இந்தத் தாளத்தை இன்மனும் கூட்டாளிகளும் 1944இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். என் எலும்போ நேரத்துக்குச் சுழலாமல் காதுப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனது. "கரண்டியையும் சேர்த்துத் திருப்பினால்தான் தேசிக்காய் விழாது" என்றா அக்கா. தேசிக்காய் கதை அவவுக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, தங்கச்சியை அந்த மூலையில் விரல் வைக்கச் சொல்லி, மூன்று மாதம் பழகினேன். ஆறாம் மாதம் பந்தைத் தொட விட்டார்கள்.

அதே வருடம் அப்பா விழுந்தார். கரையில் வள்ளத்திலிருந்து இறங்கும்போது சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்து முழங்கை கழன்றது. எலும்பு உடையவில்லை. உள்ளே விட்டு, ஒரு கிழமையில் மட்டையைக் கழற்றி, இனி மடக்கி நீட்டுங்கள் என்று அனுப்பினார்கள். அப்பா நம்பவில்லை. "உனக்கு ஆறு கிழமை, எனக்கு ஒரு கிழமையோ?" என்று என் தொட்டிலையே எடுத்து மாட்டிக்கொண்டார். நானும் அம்மாவும்தான் கட்டிவிட்டோம், கவனமாக, என் தோளுக்குக் கட்டிய மாதிரியே. ஐந்து கிழமை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

தொட்டிலை எடுத்த அன்று மத்தியானம் அப்பா சாப்பிட இருந்தார். சோற்றைக் குழைத்து உருட்டினார், கை நெஞ்சளவில் நின்றுவிட்டது. வாய்க்குப் போகவில்லை. ஒரு கணம் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரித் தலையைக் குனிந்து கோப்பைக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனார்.

முழங்கை வேறு சாதி மூட்டு. அங்கே எலும்புகள் கதவுப் பிணைச்சல் மாதிரி ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். உடையாமல் கழன்றால், உள்ளே போனபின் பெரும்பாலும் தானாக நிற்கும். அதன் ஆபத்து இறுகிப்போவதுதான். சுற்றியுள்ள உறை சுருங்கித் தடித்துவிடும். மூன்று கிழமைக்கு மேல் கட்டி வைத்தால் நல்லதைவிடக் கெடுதி அதிகம். என் தோளுக்குச் சரியாக இருந்தது அவருடைய முழங்கைக்கு விஷமாகிவிட்டது.

அதே அக்காவிடம்தான் கூட்டிப்போனேன். கோணமானி வைத்து அளந்தா. 60 பாகையிலிருந்து 95 வரை, அவ்வளவுதான். 1981இல் மொரி என்ற அமெரிக்க நிபுணரும் குழுவும் 33 பேரை வைத்து, சாப்பிடுவது, கதவு திறப்பது, கதிரையிலிருந்து எழும்புவது மாதிரி 15 அன்றாட வேலைகளை அளந்தார்களாம். பெரும்பாலான வேலைக்கு 30இலிருந்து 130 வரை மடங்கினால் போதும். "முழுக்க நேராக்கிறது கடைசி. முதல்ல சோறு வாய்க்குப் போகட்டும் ஐயா" என்றா அக்கா. அப்பா முதல் தடவையாகச் சிரித்தார். ஊரில் ஒருவர் எண்ணெய் போட்டு இழுத்து நிமிர்த்தித் தருகிறேன் என்று வந்தபோது, அக்கா கண்டிப்பாக வேண்டாம் என்றா. காயப்பட்ட முழங்கையைப் பலவந்தமாக இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். தானாக மடக்கி, தானாக நீட்டி, நாளுக்குப் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. அப்பா அதை வள்ள வேலை மாதிரி எடுத்துக்கொண்டார். விடிய எழும்பிக் கோவிலுக்குப் போகும் முன் ஒரு முறை. திருநீறு நெற்றிக்கு எட்டுகிறதா என்பதுதான் அவருடைய கோணமானி. ஏழாம் கிழமை எட்டியது.

சத்திரசிகிச்சை நடந்து இப்போது இரண்டு வருடம். தோள் கழலவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்குகிறேன், விளையாட வரும் பிள்ளைகளுக்கு ரப்பர் இழுக்கும் பயிற்சியையும் சேர்த்துத்தான். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதில்லை, சீற்றின் பின்பிடியைப் பிடிக்கிறேன். யன்னலில் இப்போது கட்டியிருப்பது மூன்றாவது ரியூப். பின்னேரங்களில் நான் இழுத்து முடிய அப்பா இழுப்பார். அவருடைய முழங்கை 130 வரை மடங்குகிறது, நீட்டும்போது 20 பாகை குறைகிறது. அந்த 20 அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கரைவலைக் கயிறு பிடிக்க அது போதும் என்கிறார்.