மூன்றாவது லைன்: ஜூன் குறிப்புகள்

3 ஜூன் 2024, திங்கள்

3,000 டி-ஷர்ட்டுகளுக்கான ஆர்டர் இன்று எங்கள் திருப்பூர் யூனிட்டின் மூன்றாவது லைனில் (தையல் மெஷின் வரிசையில்) ஏறியது. மாலையில் உற்பத்தி நோட்டைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடும் வழக்கத்தை விட்டு, முதல் ஒரு மணி நேரம் மெஷின்களுக்கு நடுவிலேயே நின்றேன். கழுத்துப் பட்டியான ரிப்பை ஓவர்லாக் மெஷினில் டி-ஷர்ட்டோடு பிடிக்கும் அக்காவின் முன்னால் பீஸ்கள் குவிந்துகொண்டிருந்தன. அடுத்த மெஷினில், பேட்லாக் எனும் தட்டையான தையல் போடும் டெய்லர் பீஸ் வராமல் சும்மா உட்கார்ந்திருந்தார். “ரிப்பு ஒண்ணு நீளமா, ஒண்ணு குட்டையா வருதுங்க, இழுத்துப் புடிச்சுச் சமாளிக்கிறேனுங்க” என்றார் அக்கா. தவறு கட்டிங் மேசையில். கேட்காமல் விட்டிருந்தால் நோட்டில் அவர் பெயருக்கு நேரேதான் குறைவு விழுந்திருக்கும்.

5 ஜூன், புதன்

வரும் 10-ஆம் தேதி பள்ளிகள் திறக்கின்றன. லைனில் ஏழு பேருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பதால், அன்று தாமதமாக வரக்கூடியவர்களை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டேன். மூவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அவர்கள் இடத்தில் தைக்கப் பழகட்டும் என்று, டெய்லர்களுக்கு உதவியாகக் கைமடி வேலையில் இருக்கும் இரண்டு பெண்களை மதியத்துக்குப் பின் ஒரு மணி நேரம் ஓவர்லாக்கில் உட்கார வைத்தோம். “இப்பவே எதுக்குங்க?” என்ற முதலாளிக்கு, அந்த ஒரு மணி நேரத்தில் குறையும் பீஸ்கள்தான் கண்ணில் பட்டன.

8 ஜூன், சனி

சம்பளம் வாங்கிய கையோடு ஒரு டெய்லர் தனியாக வந்து, முனை மழுங்கிய ஊசியிலேயே பலர் தைப்பதாகச் சொன்னார். காரணம் நான்தான்: போன மாதம் புது ஊசி கேட்ட ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். பின்னலாடைத் துணியில் மழுங்கிய ஊசி இழையை அறுத்துவிடும். அந்த ஓட்டை தைக்கும்போது தெரியாமல், துணியை இழுத்தாலோ துவைத்தாலோதான் வாய் பிளக்கும். ஏற்றுமதிச் சோதனையில் வழக்கமான 2.5 ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) அளவின்படி, இந்த 3,000-இல் 125 பீஸ்களை எடுத்துப் பார்ப்பார்கள். அவற்றில் எட்டு பீஸ்களில் பெரிய குறை இருந்தால் மொத்தமும் திரும்பிவிடும். ஓர் ஊசியின் விலையை எண்ணி இதை மறந்திருந்தேன்.

11 ஜூன், செவ்வாய்

நேற்று மூவரும் சொன்னபடியே தாமதமாக வந்தார்கள். கைமடிப் பெண்கள் மெதுவாகத் தைத்தாலும் லைன் நிற்கவில்லை. ரிப் அளவு மட்டும் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. நாளைக் காலை கட்டிங் மாஸ்டரை லைனுக்கே அழைத்து வர வேண்டும். இன்று இருவர் ஊசி கேட்டார்கள். பழையதை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதியதைக் கொடுத்தேன்.