தாஷி நாஷி

ஜப்பானிலிருந்து ஊர் திரும்பி நாலு நாள் ஆகிறது. வீட்டில் ஒருத்தர் இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தப்பு என்னுடையதுதான். கிளம்புவதற்கு 3 மாதம் முன்னாலேயே ஜப்பானிய மொழி படிக்க உட்கார்ந்தேன். அதிலும் 'குதாசாய்' எல்லாம் சாமானியர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டு, பணிவின் உச்சாணிக்கொம்பிலிருந்தே ஆரம்பித்தேன். 'தொத்தே குதாசாய்' என்றால் எடுத்துக் கொடுங்கள். 'தொத்தே இதாதகெமாசென் கா' என்றால் ஏறக்குறைய நம்முடைய 'எடுத்துத் தரமாட்டீங்களா'. அதே வினையெச்சம், அதே எதிர்மறை, நம் 'ஆ' இருக்கிற இடத்தில் அவர்களுக்கு ஒரு 'கா'. சுசுமு ஓனோ என்ற பேராசிரியர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதினார். மற்ற மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஒத்துக்கொண்டேன், மனப்பாடம் செய்ய வசதியாக இருந்தது.

கியோட்டோவில், ஃபுஷிமி இனாரி கோயிலின் செந்நிறத் தோரி வாசல்களுக்கு நடுவே, ஒரு பெரியவரிடம் அந்த வாக்கியத்தை முழுசாகச் சொன்னேன். அவர் குனிந்தார், நான் குனிந்தேன், மறுபடி அவர் குனிந்தார். படமும் எடுத்துக் கொடுத்தார். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

மதியம் அடிவாரத்தில் ஒரு உடோன் கடை. உடோன் என்றால் சாற்றில் மிதக்கும் தடித்த கோதுமை நூடுல்ஸ். நம் வீட்டம்மா சுத்த சைவம். உடோன் சாறுக்கு அடிப்படையே தாஷி. அதில் காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டிருப்பார்கள். நம்மூர் மாசிக்கருவாட்டுக்குச் சொந்தக்காரன். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சுமிமாசென், தாஷி நாஷி தே ஒனெகாய் தெகிமாசு கா?" என்றேன். தாஷி இல்லாமல் கிடைக்குமா என்று, எதுகையோடு. புளி, மிளகு, தக்காளி எதுவும் போடாமல் ஒரு ரசம் கேட்ட மாதிரி.

கடைக்காரர் தலையைச் சாய்த்தார். பல்லிடுக்கில் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுத்தார். "தாஷி வா... ச்சோத்தோ..." என்று பாதியில் விட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ச்சோத்தோ என்றால் கொஞ்சம். 'ச்சோத்தோ மத்தே குதாசாய்' என்றால் கொஞ்சம் பொறுங்கள். சரி, பொறுக்கச் சொல்கிறார் என்று பொறுத்தேன். 20 நிமிடம். அவர் பார்க்கும்போதெல்லாம் நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். இரண்டு முறை தண்ணீர் ஊற்றினார். பக்கத்து மேசையில் ரெண்டு பந்தி முடிந்தது. அப்புறம்தான் மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, வெறும் ச்சோத்தோன்னா முடியாதுன்னு அர்த்தமாம்."

எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? "பார்க்கலாம்ப்பா" என்ற ஒரே சொல்லை வைத்து ஆயுசு முழுக்க ஒருத்தருக்கும் கடன் கொடுக்காமல் வாழ்ந்த பெரியப்பாவின் வம்சம் நான். அந்த 'பார்க்கலாம்'ஐ நம்பி எவனாவது திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்போம்?

எழுந்து ஒரு சுமிமாசென் சொன்னேன். கூப்பிடவும் அதுதான், மன்னிப்புக் கேட்கவும் அதுதான். அவரும் எனக்கு ஒரு சுமிமாசென் சொன்னார். அன்றைய மதியச் சாப்பாடு ஆளுக்கு 2 வாழைப்பழம்.

நேற்று சாயங்காலம் இரண்டாவது காபி கேட்டேன். 'தரமாட்டியா' என்று மரியாதையாகத்தான். அடுப்படியிலிருந்து பதில் இல்லை. பல்லிடுக்கில் காற்றை இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது.