பின்பக்க ஷாக் அப்சார்பரின் கிறீச்சொலி: கழுவினால் மறையும், காய்ந்தால் திரும்பும்

என்னுடையது 100 சிசி வண்டி. பின்புறம் இரட்டை ஷாக் அப்சார்பர் கொண்டது. ஒத்தக்கடையிலிருந்து மேலூருக்கு வேலைக்குப் போய்வர அதைத்தான் நம்பியிருக்கிறேன். பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில், பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் எண்ணெய் காணாத கிணற்றுச் சகடை போலக் கிறீச்சிடத் தொடங்கியது. பின்னால் ஆள் அமர்ந்தால் அந்த ஒலி இன்னும் கூடியது. இப்போது அது முற்றிலும் நின்றுவிட்டது. செலவான பொருளின் விலை ஒருவேளைச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாது. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் பட்ட அலைச்சலும் கேட்ட பதில்களும் இன்னும் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கின்றன. இதே தொல்லையில் இருப்பவர்களாவது சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் பணத்தை எடுத்து நீட்டக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் மதுரை நகருக்குள் இருக்கும் ஒரு சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். வண்டியை வாங்கிக்கொண்டவர்கள் வழக்கப்படி முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். அதன்பிறகு ஒருவர் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சத்தம் எதுவும் இல்லை என்றார். நானும் ஓட்டிப் பார்த்தேன், உண்மையாகவே இல்லை. பணத்தைக் கட்டிவிட்டு வெயிலில் கிளம்பி, மாட்டுத்தாவணியைத் தாண்டி, உயர் நீதிமன்றக் கிளையை நெருங்குவதற்குள் வண்டி காய்ந்தது, சத்தமும் திரும்பிவிட்டது. மறுபடி அழைத்துச் சொன்னபோது, நேரில் கொண்டுவந்தால்தான் பார்க்க முடியும் என்றார்கள். கொண்டுபோனேன். இம்முறை பொறுப்பாளர் வண்டியைக் கையால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். "ரெண்டு ஷாக்கும் போயிருச்சு சார், ஜோடியா மாத்திருங்க" என்று சொல்லி, மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு தொகையைத் தாளில் எழுதி நீட்டினார். எந்த இடத்தில் சத்தம் வருகிறது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

ஷாக் அப்சார்பர் உண்மையில் கெட்டுப்போனால் அது மறைத்துவைக்கக்கூடிய விஷயமன்று. ஷாக்குக்குள் ஏறி இறங்கும் தண்டின் மேல் எண்ணெய் கசிந்து தூசியோடு சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கும். சீட்டை அழுத்திவிட்டால், ஒரே மூச்சில் எழுந்து நின்றுவிடாமல் வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். தண்டு வளைந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். என் வண்டியில் இவை மூன்றில் ஒன்றுகூட இல்லை. தண்டு காய்ந்து சுத்தமாக இருந்தது, அமுக்கிவிட்டால் நிதானமாக எழுந்து நின்றது. அப்படியிருக்க எதற்காக மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு, வண்டிக்கு வயதாகிவிட்டது என்பது எந்த வகையிலும் பதிலாகாது.

இடையில் மேலூர்ச் சாலையோரப் பட்டறை ஒன்றில் ஒருவர் கேட்காமலேயே உதவ முன்வந்து, இஞ்சினிலிருந்து இறக்கிய கழிவு எண்ணெயை இரண்டு ஸ்பிரிங்குகளின் மீதும் தாராளமாக ஊற்றிவிட்டார். நான் தடுப்பதற்குள் அது வழிந்து பின்சக்கர விளிம்பு வரை போய்விட்டது. இதைக் கட்டாயம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பின்பக்க டிரம் பிரேக்கின் உள்ளே எண்ணெய் இறங்கினால் பிரேக் பிடிக்காது, டயரில் பட்டால் வளைவில் வழுக்கிவிடும். அதோடு, பெட்ரோலிய எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி உப்பி இளகிவிடும். கிரானைட் லாரிகள் ஓடும் அந்தச் சாலையின் புழுதி முழுவதும் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டதால், சத்தம் சற்று அடங்குவதுபோல் தோன்றி, பிறகு முன்பைவிட முரடாகத் திரும்பியது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரை விட்டுப் பல முறை தேய்த்துத்தான் அதைப் போக்க முடிந்தது. ரப்பர் பாகங்கள் இருக்கும் இடத்தில் பெட்ரோல் விட்டுக் கழுவ வேண்டாம். அதுவும் ரப்பருக்குப் பகைதான்.

இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த ஒரே பயனுள்ள தடயம், தண்ணீர் பட்டால் சத்தம் மறைகிறது என்பதுதான். ஷாக்கின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒவ்வொரு வளையம் உண்டு. அந்த வளையத்துக்குள் ரப்பர் புஷ் எனப்படும் குழல் வடிவ ரப்பர் துண்டு, அதற்கும் உள்ளே ஓர் உலோகக் குழாய் இருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது புதிய ரப்பர் தன் இடத்தைவிட்டு நகராமல் சற்றே முறுக்கிக்கொண்டு திரும்பும். அதுவே காய்ந்து கெட்டிப்பட்டு, இடுக்கில் புழுதியும் ஏறிவிட்டால், முறுக்கிக்கொள்வதற்குப் பதிலாக உலோகத்தின் மேல் ஒட்டியும் வழுக்கியும் நகரத் தொடங்கும். அப்போது எழுவதுதான் இந்தக் கிறீச்சொலி. ஈரம் பட்டால் ரப்பர் ஒட்டாமல் வழுக்கிப் போவதால் ஒலி எழாது. வண்டியைக் கழுவிவிட்டு ஓட்டிப் பார்க்கும் எந்த இடத்திலும் இந்தக் கோளாறு பிடிபடாது என்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே வண்டியை விடும்போதே, கழுவாமல் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீரையே சோதனைக் கருவியாக்கினால் என்ன என்று தோன்றியது. மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நன்கு காய்ந்திருந்த வண்டியை இரண்டு சக்கரங்களிலும் நிறுத்தினேன். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினால் பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும், எதுவும் கேட்காது. அக்கா மகனைச் சீட்டில் உட்காரவைத்து, ஒரே சீராக அமுக்கி அமுக்கி எழச் சொல்லிவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் சில சொட்டுகள் விட்டுக் காத்திருந்தேன். இதில் வரிசை மிக முக்கியம். கீழே இருக்கும் பாகங்களில் தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். மேலே தொடங்கினால் தண்ணீர் வழிந்து கீழே இருப்பவற்றையும் நனைத்துவிடும், எது அடங்கியது என்று பிரித்தறிய முடியாது.

சந்தேகப்பட வேண்டியவை ஷாக்குகள் மட்டுமல்ல. ஸ்டாண்டு ஸ்பிரிங்குகள், சங்கிலி உறை, பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மின் அச்சு, சீட்டின் அடியிலுள்ள ரப்பர்கள் ஆகிய எல்லாமே பின்பக்கத்தில் இதே போன்ற சத்தத்தை எழுப்பக்கூடியவை. ஸ்பிரிங் தன் மேலுறையில் உரசினால் அங்கே பளபளப்பான கீறல் தெரியும். ஸ்பிரிங் உட்காரும் தட்டும் காய்ந்துபோனால் முனகும். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசியில் வலப்பக்க ஷாக்கின் மேல்முனையில் இரண்டு சொட்டு விட்டதும் சத்தம் அறுந்தாற்போல் நின்றது. காயவிட்டு மறுபடி பார்த்தேன்; சத்தம் திரும்பியது. மறுபடி சொட்டு விட்டேன், நின்றது. அந்தப் பையன் என்னைவிட அதிகமாக மகிழ்ந்தான். மூவாயிரம் ரூபாய்க்கு மாற்றச் சொன்ன இடத்தில், கோளாறு ஒரு ரப்பர் துண்டில்தான் இருந்தது.

இருபுறமும் உள்ள நான்கு புஷ்களையும் சேர்த்தே மாற்றிவிட நினைத்தேன். கழற்றும் வேலையில் இடப்பக்கம் சிரமம் தரவில்லை. இரண்டு ஷாக்குகளையும் ஒரே நேரத்தில் கழற்றாமல், ஒன்றை மாட்டி முடித்த பின்பே அடுத்ததைத் தொட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தின் அடியில் அதன் பாரத்தைத் தாங்குமளவுக்கு ஒரு பலகையைச் செருகிவிட்டால் போல்ட்டுகள் இறுக்கம் விட்டு எளிதில் வெளியே வரும். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கழற்றும்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம்தான் பாடாய்ப் படுத்தியது. சைலன்சர் மறைப்பதால் கீழ் போல்ட்டுக்கு ஸ்பேனர் நேராகப் போகாது. சைலன்சர் நன்றாக ஆறிய பிறகு அதன் பின்பிடிப்பைத் தளர்த்தித் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. மேல்முனையில் தொப்பி வடிவ நட்டு கழன்று வந்துவிட்டது, ஆனால் புஷ்ஷின் உள்ளிருக்கும் உலோகக் குழாய் வண்டிச் சட்டத்தின் (ஃபிரேம்) தண்டோடு துருவேறிப் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தது. இந்த இடத்தில் பொறுமை இழந்து கடப்பாரையோ நீள ஸ்க்ரூடிரைவரோ கொண்டு நெம்பிவிடாதீர்கள். அந்தத் தண்டு சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டது. வளைந்தால் ரப்பர் துண்டோடு முடிய வேண்டிய செலவு சட்டத்தின் செலவாகிவிடும். துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து, இரவு முழுவதும் ஊறவிட்டேன். மறுநாள், கீழ்முனை விடுபட்ட ஷாக்கையே பிடியாகக் கொண்டு, வெளியே இழுக்காமல் முன்னும் பின்னும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தேன். துருத்தூள் உதிர உதிரக் குழாய் இளகி, கடைசியில் முழுதாகக் கையோடு வந்தது.

புஷ் வாங்கப் போனதுதான் அடுத்த வீண் அலைச்சல். என் வண்டியில் மேல்முனைத் தண்டு 12 மில்லிமீட்டர் கனம், கீழ் போல்ட் 10 மில்லிமீட்டர். மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தாலும் உள்துளையில் வேறுபடும். பழைய புஷ்ஷை மாதிரிக்காகக் கையில் கொண்டுபோய்க் காட்டியும், நகரில் ஓர் உதிரிபாகக் கடைக்காரர் அதை வாங்கிப் பார்க்காமலேயே, "எல்லாம் ஒரே சைஸ்தான் தம்பி" என்று சொல்லி ஒரு பொட்டலத்தைத் தள்ளினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கும் 10 மில்லிமீட்டர்தான். திருப்பிக் கொடுக்கப் போனபோது, பொட்டலத்தைப் பிரித்த பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கைவிரித்தார். பொருளின் விலை சொற்பம். கையில் கொடுத்த மாதிரியை ஒருமுறை திருப்பிப் பார்க்கும் கவனம்கூட இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அடுத்துப் போன கடையில் இருந்த பெரியவர், நான் கேட்பதற்கு முன்பே அளவுக் கருவியை எடுத்துத் துளையின் விட்டம், நீளம், வெளிவிட்டம் மூன்றையும் அளந்து, மேலுக்கு இரண்டும் கீழுக்கு இரண்டும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தார். வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். பழைய குழாயைக் கொண்டுபோய், அளந்து வாங்குங்கள்.

பழைய ரப்பரை எரித்து எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஷாக்கின் உள்ளே எண்ணெயும் அதை அடைக்கும் சீலும் இருக்கின்றன; வளையத்தில் நெருப்பைக் காட்டினால் சீல் பொசுங்கி, நல்ல ஷாக்கும் அன்றோடு போய்விடும். சுத்தியலால் அடித்தாலும் ஷாக்கின் தண்டு வளையக்கூடும். பக்கத்து வீட்டு அண்ணனிடம் மேசையில் பொருத்திய வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) இருந்தது. வளையத்தின் ஒருபுறம் புஷ்ஷைவிடச் சிறிய சாக்கெட்டையும் (நட்டு கழற்றும் குழாய் வடிவ ஸ்பேனர்), மறுபுறம் புஷ் உள்ளே விழுமளவுக்குப் பெரிய சாக்கெட்டையும் வைத்து, வைஸை மெதுவாக இறுக்கினால் பழையது ஒருபுறமாகப் பிதுங்கி வெளியேறும். வளையத்தின் உட்புறத் துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு, புதிய புஷ்ஷைச் சோப்பு நீரில் நனைத்து அதே முறையில் உள்ளே தள்ளினோம். ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டுமே பூச வேண்டும். சாதாரண கிரீஸ் உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு, அதாவது தண்டுக்கும் குழாயின் உட்புறத்துக்கும் மட்டும். அங்கே மெல்லிய பூச்சாகப் பூசினால் அடுத்த முறை துருப்பிடித்துச் சண்டை போட வேண்டியிராது. இன்னொன்று: ஸ்பிரிங்கைத் தனியே பிரிக்க வேண்டிய தேவை இந்த வேலையில் இல்லவே இல்லை. அமுக்கிப் பிடிக்கும் கருவியில்லாமல் ஷாக்கின் தண்டிலுள்ள நட்டைத் திருகினால் ஸ்பிரிங் தெறித்து முகத்தைக் கிழித்துவிடும்.

மாட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் முடுக்கி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சக்கரத்தின் மேல் பாரம் விழுந்த பிறகே ஸ்பேனரால் இறுக்கினேன். அந்தரத்தில் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், ஆள் ஏறி அமர்ந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐந்து படி அமைப்பு இருபுறமும் ஒரே படியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் வலப்பக்கம் ஒரு படி கூடுதலாக இருந்தது. கழற்றிய சேலைக் காப்புக் கம்பியை, இது எதற்கு என்று சிலர் ஓரமாகப் போட்டுவிடச் சொல்வார்கள். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதிப்படி, பின்சக்கரத்தில் குறைந்தது பாதியை மறைக்கும் காப்பு கட்டாயம். அம்மாவும் மனைவியும் ஏறும் வண்டியில் அது இல்லாமல் இருக்கவும் கூடாது.

அன்று மாலையே அக்கா மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நரசிங்கம் சாலையின் வேகத்தடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். சங்கிலியின் ஓசையைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. காய்ந்த வெயிலிலும் ஓட்டிப் பார்த்தேன், கேட்கவில்லை. புதிய ரப்பர் அமுங்கி உட்காரும்போது நட்டுகள் சற்றுத் தளரக்கூடும் என்பதால், 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு நான்கிலும் மீண்டும் ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன். வலப்பக்க மேல் நட்டு மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியது. மற்ற மூன்றும் அசையவில்லை.