பத்து எண்ணும் வரை

ஆட்டிசம் உள்ள என் தம்பியிடம் யாராவது எதையேனும் கேட்டால், அவன் வாய் திறப்பதற்குள் நானே பதில் சொல்லிவிடும் வழக்கம் பல ஆண்டுகள் எனக்கு இருந்தது. அதை அன்பு என்றே நினைத்திருந்தேன். கேள்வியை உள்வாங்கிச் சொற்களைக் கோக்க அவனுக்குச் சற்று நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இப்போதெல்லாம் கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுகிறேன். ஏழாவது எண்ணிலேயே நாக்கு துறுதுறுக்கும்.

ஒருநாள் இரண்டு சட்டைகளை நீட்டி எது வேண்டும் என்றேன். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டை வெட்டியெடுத்த பழைய சட்டையைக் கொண்டுவந்தான். நான் கொடுத்த தேர்வில் அவனுக்கு வேண்டியது இருக்கவே இல்லை.

2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, சட்டத்தின் முன் அவர்களுக்கும் சமமான தகுதி உண்டென்றும், அதைப் பயன்படுத்தத் தேவையான ஆதரவை அரசுகள் அளிக்க வேண்டுமென்றும் கூறுகிறது. படமோ எழுத்தோ கூடுதல் நேரமோ தந்து, முடிவை அவரவரிடமே விடுவதுதான் அந்த ஆதரவு. தவறான முடிவும் அதில் அடங்கும். அம்மாவுக்கு இதுதான் இன்னும் ஒப்பவில்லை. “குடை வேண்டாமென்று போய் நனைந்துவிட்டால்?” என்கிறார். நான் நனைந்து வந்த நாள்களில் என் முடிவெடுக்கும் திறனை யாரும் சந்தேகித்ததில்லையே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.